கைப்பேசியில் தமிழ் எழுத எந்த விசைப்பலகை?

போன தை மாதம் அத்தைக்குப் பத்து அங்குல டேப்லெட் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். அதில் என்னென்ன ஆப் போடலாம் என்று வீட்டில் ஆளுக்கொரு பட்டியல் வைத்திருந்தார்கள். ரயில் டிக்கெட், பணம் அனுப்புவது, பஞ்சாங்கம், பக்திப் பாட்டு. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அத்தை ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "இதுல தமிழ்ல எழுத முடியுமாடா?"

அத்தை முப்பத்து நான்கு வருடம் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். உறவில் யாருக்குக் கல்யாணம், வளைகாப்பு என்றாலும் இன்லேண்டு லெட்டரில் வாழ்த்து எழுதிப் போட்டவர். அவருக்கு எது சரியாக வரும் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்ததில் ஒரு வாரம் போனது. நான் டி.டி.பி. வேலை பார்க்கிறேன். இருபது வருடமாகத் தமிழ் தட்டுவதுதான் பிழைப்பு. இருந்தும் கைப்பேசியில் தமிழ் எழுதுவதைப் பற்றி இவ்வளவு யோசித்தது அந்த ஒரு வாரத்தில்தான்.

மற்ற ஆப் எல்லாம் ஒரு வேலைக்கு ஒன்று. பிடிக்கவில்லை என்றால் நீக்கிவிடலாம். விசைப்பலகை அப்படியில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினாலும், மேப்பில் ஊர் தேடினாலும், யூடியூபில் மோர்க்குழம்பு தேடினாலும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். ஒரு நாளைக்கு நூறு முறை தொடுகிற பொருள் அது. புதுப் போன் வாங்கினால் நிறைய பேர் இதை யோசிப்பதே இல்லை. போனோடு வந்ததை வைத்துக்கொண்டு, தமிழ் வராது என்று முடிவுகட்டி, ஆங்கில எழுத்திலேயே 'வந்துட்டேன்' என்று எழுதிக்கொண்டு காலத்தை ஓட்டுகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆதங்கமாக இருக்கும். பத்து நிமிடம் செலவழித்துச் சரியானதைத் தேர்ந்தெடுத்தால் யாராலும் தமிழில் எழுத முடியும்.

ஆப்பின் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் முறையைப் பாருங்கள். கைப்பேசியில் தமிழ் எழுத இன்று முக்கியமாக ஐந்து வழி இருக்கிறது. ஆங்கில எழுத்தில் அடித்து, போனையே தமிழாக மாற்றவிடுவது ஒன்று. அதே ஆங்கில எழுத்துதான், ஆனால் கறாரான விதிப்படி மாறுகிற அஞ்சல் முறை இன்னொன்று. மூன்றாவது, உயிரையும் மெய்யையும் தமிழ் விசைகளிலேயே தட்டிச் சேர்க்கும் தமிழ்99. நான்காவது, விரலால் திரையில் எழுதுவது. ஐந்தாவது, வாயால் சொல்லி எழுத வைப்பது. ஒரே ஆப்பில் இவற்றில் இரண்டு மூன்று இருக்கலாம். இவற்றை ஒப்பிட என்னிடம் இருக்கும் அளவுகோல் வேகம்கூட இல்லை. எந்த எழுத்து என்பதை யார் முடிவு செய்கிறார்கள், நாமா, போனா என்பதுதான்.

அந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் அச்சகத்துக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் முன்பெல்லாம் நோட்டுத் தாளில் எழுதிக்கொண்டு வருவார்கள். இப்போது பாதிப்பேர் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். அதை அப்படியே எடுத்துப் பக்கத்தில் போடுவது எங்களுக்கும் சுலபம். அப்படி ஒரு முறை வந்த வாசகத்தில் 'திருமன அழைப்பிதழ்' என்று இருந்தது. கீழே 'மனமகன்', 'மனமகள்'. எழுதிய பையனுக்கு மணம் என்றால் மூன்று சுழி என்று தெரியாமல் இல்லை. கேட்டதும் "அண்ணே, நான் சரியாத்தான் அடிச்சேன், போன் அப்படி போட்டிருச்சு" என்றான். அவன் சொன்னது உண்மைதான். ஆங்கிலத்தில் 'என்' (n) என்ற எழுத்து ஒன்றுதான். தமிழில் அது ந, ன, ண என்று மூன்றாகப் பிரிகிறது. எதைப் போடுவது என்று போன் ஊகித்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. முந்நூறு பத்திரிகை அச்சாகும் முன்னால் கண்ணில் பட்டதால் பிழைத்தோம்.

இதுதான் முதல் முறையில் உள்ள சிக்கல். அதன் நல்லதையும் சொல்ல வேண்டும். புதிதாக எதையும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. இன்று ஆன்ட்ராய்டு போன்களில் பெரும்பாலும் கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்டு ஏற்கெனவே இருக்கிறது; அமைப்புகளில் மொழி என்ற இடத்தில் தமிழைச் சேர்த்து, ஆங்கில எழுத்திலிருந்து தமிழ் என்பதைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது. ஏற்கெனவே ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதிப் பழகியவர்களுக்கு அன்றைக்கே கை ஓடும். போகப்போக நாம் அடிக்கடி எழுதும் சொற்களையும் அது தெரிந்துவைத்துக்கொள்ளும். தமிழ் நாவில் இருக்கிறது, எழுத்து மறந்துபோய்விட்டது என்கிற வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

ஆனால் ஊகிப்பது அகராதியை வைத்து. பலம், பழம், பாலம் மூன்றுக்கும் நாம் அடிக்கிற ஆங்கில எழுத்துகள் ஒன்றாகவே இருக்கும்; போன் மூன்றையும் மேலே வரிசையாகக் காட்டும்; சரியானதைத் தொட வேண்டியது நம் வேலை. அவசரத்தில் தொட மாட்டோம். அக்கா மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை குடும்பக் குழுவில் "மாமா, கரி வாங்கவா?" என்று கேட்டாள். கறியைத்தான் கேட்கிறாள் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் தவறாக நினைக்கவில்லை. எனக்கு உறுத்தியது வேறு. கல்லூரியில் படிக்கிற பெண், நான்கைந்து வருடமாக இப்படித்தான் எழுதுகிறாள். அரம் எது, அறம் எது என்று அவளே யோசித்து எழுத வேண்டிய தேவை அத்தனை வருடமும் வரவில்லை. பழக்கம் விட்டுப்போனால் எழுத்தும் விட்டுப்போகும். ஆள் பெயரும் ஊர்ப் பெயரும் வரும்போது இந்த ஊகம் இன்னும் தடுமாறும், ஏனென்றால் அகராதியில் எல்லா ஊரும் இருக்காது. குலதெய்வத்தின் பெயரைப் பத்திரிகையில் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆங்கில எழுத்துப் பலகையை விட மனமில்லை, ஆனால் எழுத்தும் நம் கையில் இருக்க வேண்டும் என்றால் அஞ்சல் முறை. இது மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் மென்பொருளிலிருந்து வந்தது. முரசு 1985-இல் தொடங்கியது. அவர் உருவாக்கிய செல்லினம் 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் அறிமுகமானது. பொத்தான் போன்களில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்புவதற்காக அன்று வந்தது, பிறகு ஐபோனுக்கும் ஆன்ட்ராய்டுக்கும் வளர்ந்தது. இலவசம்தான். அதில் அஞ்சல், தமிழ்99 இரண்டும் இருக்கின்றன.

அஞ்சலில் ஊகம் கிடையாது. சின்ன எல் அடித்தால் ல, பெரிய எல் அடித்தால் ள, இசட் அடித்தால் ழ. சின்ன ஆர் ர, பெரிய ஆர் ற. என் சின்னதாக இருந்தால் ன, பெரியதாக இருந்தால் ண. சொல்லின் முதலில் என் வந்தால் தானாகவே ந ஆகிவிடும், தகரத்துக்கு முன்னாலும் அப்படியே. இடையில் தனியாக ந வேண்டும் என்றால் டபிள்யூ. இவ்வளவுதான் விதி. ஒரு சீட்டில் எழுதி மேசையில் ஒட்டிவைத்தால் இரண்டு நாளில் மனப்பாடம். மணமகன் என்று எழுத நினைத்தால் பெரிய என்னைத் தட்டியே ஆக வேண்டும். அந்தத் தட்டும் கணத்தில் மூன்று சுழி என்று நாம்தான் முடிவு செய்கிறோம். செல்லினம் எழுத எழுத அடுத்த சொல்லையும் எடுத்துக் கொடுக்கும். வேண்டுமென்றால் தொடலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம். கேட்காமல் நம் எழுத்தைப் பிடித்து மாற்றுவது என்ற தொல்லை இந்த முறையில் இல்லை. குறை என்றால், பெரிய எழுத்துக்காக அடிக்கடி ஷிப்ட் அழுத்த வேண்டும். ள, ண, ற மூன்றும் அதிகம் வரும் மொழி நம்முடையது. கட்டைவிரல் சலித்துப்போகும்.

இனி தமிழ்99. நான் அதன் பக்கம் சாய்கிறவன் என்பதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 என்ற தமிழ்க் கணினி மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அது. அமைப்பு மிக எளிது. உயிரெழுத்து பன்னிரண்டும் இடக்கைப் பக்கம், மெய் பதினெட்டும் பெரும்பாலும் வலக்கைப் பக்கம், புள்ளிக்கு ஒரு விசை. மொத்தம் முப்பத்தொரு விசை. அதற்குள் 247 எழுத்தும் அடங்கிவிடுகிறது. ககரத்தைத் தட்டினால் க. தொடர்ந்து ஆவன்னாவைத் தட்டினால் கா. அரிச்சுவடியில் படித்த அதே கணக்கு, மெய்யும் உயிரும் சேர்ந்தால் உயிர்மெய்.

புள்ளி தானாக விழுவதுதான் இதன் அழகு. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதில் புள்ளி தானே வைத்துக்கொள்ளும். பாப்பா என்று எழுத ப, ஆ, ப, ப, ஆ. ஐந்து தட்டு. ஙகரத்துக்குப் பின் ககரம், நகரத்துக்குப் பின் தகரம், மகரத்துக்குப் பின் பகரம் என்று இன எழுத்துகள் அடுத்தடுத்து வந்தாலும் அப்படியே: பந்து என்பதற்கு ப, ந, த, உ என்று நான்கே தட்டு. இதை வகுத்தவர்கள் தமிழ்ச் சொல்லில் எந்த எழுத்துக்குப் பின் எது வரும் என்பதைப் பார்த்து வகுத்திருக்கிறார்கள். புள்ளி வேண்டாத இடத்தில் நடுவில் அகரத்தைத் தட்டினால் போதும். பப்பாளிக்கு முதல் பகரத்துக்குப் பிறகு ஒரு அ தட்டிவிட்டு மேலே போக வேண்டும். முதல் வாரம் என்னைப் படுத்தியது இந்தப் பப்பாளிதான். ஒவ்வொரு முறையும் 'ப்பபாளி' என்று வந்து நின்றது.

வாழைப்பழம் என்ற சொல்லை எடுத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தேன். ஒலியை அப்படியே ஆங்கில எழுத்தாக அடித்தால் பன்னிரண்டு தட்டு. தமிழ்99-இல் ஒன்பது. ஒரு சொல்லுக்கு மூன்று பெரிதாகத் தெரியாது, ஒரு பக்கத்துக்கு எண்ணினால் தெரியும். ஷிப்ட் என்பது ஸ, ஷ, ஜ, ஹ போன்ற கிரந்த எழுத்துக்கும் ஆய்தத்துக்கும் மட்டும்தான்.

கைப்பேசியில் இதற்கு இன்னொரு வசதி இருக்கிறது, அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. போனை இரண்டு கையாலும் பிடித்து இரண்டு கட்டைவிரலால் எழுதுகிறவர்களுக்கு வலது கட்டைவிரல் மெய், இடது கட்டைவிரல் உயிர் என்று பெரும்பாலும் மாறி மாறி வரும். நாற்று நடுகிறவர்களின் கை போல ஒரு தாளம் பிடித்துவிடும்.  ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் நின்றபடி எழுதுகிறவர்களுக்கு இந்த வசதி கிடைக்காது. அவர்களுக்கு அகலம்தான் இடைஞ்சல். ஆங்கிலப் பலகையில் மேல் வரிசைக்குப் பத்து விசை. தமிழ்99-இல் மேலே பன்னிரண்டு, நடுவில் பதினொன்று. சின்னத் திரையில் ஒவ்வொரு விசையும் மெலிந்து நிற்கும். பெரிய விரல்காரர்களுக்கு ணகரத்தைத் தட்டினால் டகரம் விழும். டேப்லெட்டில் இந்தப் பிரச்சினையே இல்லை. டேப்லெட் வைத்திருந்து, தினம் அரைப் பக்கமாவது எழுதுகிறவர் என்றால் வேறு யோசனையே வேண்டாம்.

கற்றுக்கொள்ள எத்தனை நாள்? எனக்கு டைப்ரைட்டர் முறையும் பாமினி என்ற பழைய எழுத்துருவின் விசைமுறையும் கையில் ஊறியிருந்ததால் பத்து நாள் ஆனது. எந்த முறையும் பழகாத என் தம்பிக்கு ஐந்து நாளில் வந்துவிட்டது.

அப்பாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். தாலுகா ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர், தமிழ் ஹையர் பாஸ் செய்தவர். அவருடைய பத்து விரலுக்கும் தமிழ் தெரியும். அவருக்குக் கைப்பேசியில் தமிழ் சுலபமாக இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். இரண்டு கட்டைவிரலைக் கொண்டு எழுதச் சொன்னதும் அவர் கை நின்றுவிட்டது. எந்த எழுத்து எங்கே என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. மேசையில் விரலை வைத்துத் தட்டிக் காட்டினார். விரல்தான் நினைவு வைத்திருக்கிறது. டைப்ரைட்டிங் தெரிந்தவர்களுக்கு வேறு முறையைக் கற்பிப்பது மற்றவர்களைவிடக் கடினம் என்பதை அன்று பார்த்தேன். அவர் கடைசியில் போய்ச் சேர்ந்தது மைக் படம் போட்ட பொத்தானிடம்.

குரல்வழித் தட்டச்சு தமிழுக்கு வந்தது 2017 ஆகஸ்டில். மலையாளம், தெலுங்கு, கன்னடம், வங்காளம் உள்பட எட்டு இந்திய மொழிகளில் கூகுள் ஒரே நேரத்தில் கொண்டுவந்தது. இன்று அது நன்றாகவே கேட்கிறது. கண் மங்கியவர்களுக்கும் கை நடுங்குகிறவர்களுக்கும் இது பெரிய விடுதலை. நிறுத்தி, தெளிவாக, ஒரு வாக்கியம் முழுதாகச் சொன்னால் ஆச்சரியப்படும்படி எழுதும். ஆனால் நாம் பேசுவது வேறு, எழுதுவது வேறு. 'வந்துட்டேன்' என்று சொன்னால் அப்படியே எழுதும்; 'வந்துவிட்டேன்' என்று வேண்டுமானால் அப்படித்தான் சொல்ல வேண்டும். நிறுத்தக்குறி நாமே போட வேண்டியிருக்கும். தமிழ்ப் படம் என்பதில் அந்த ப் பெரும்பாலும் கழன்றுவிடும், பேச்சில் அதை அழுத்துவதில்லை என்பதால். எழுத்தைத் தேர்ந்தெடுப்பதும் இங்கே போன்தான். அப்பாவின் செய்திகள் இப்போது ஒரே மூச்சில் பத்து வரி வருகின்றன, முற்றுப்புள்ளி இல்லாமல். அனுப்பும் முன் ஒரு முறை வாசியுங்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். பஸ் ஸ்டாண்டில் நின்று பேங்க் விவரத்தை உரக்கச் சொல்ல வேண்டாம் என்பதையும்.

அத்தைக்கு மைக் பிடிக்கவில்லை. "நான் எழுதணும்டா, பேசறதுக்குத்தான் போன் இருக்கே" என்றார்.

அவருக்கு விரலால் எழுதுவதுதான் ஒத்துவந்தது. கூகுள் 2015-இல் கையெழுத்து உள்ளீட்டைத் தனி ஆப்பாக வெளியிட்டது. இப்போது அது ஜிபோர்டுக்குள்ளேயே இருக்கிறது. தமிழைச் சேர்க்கும்போது விசைப்பலகை வகைகளில் கையெழுத்து என்று ஒன்று இருக்கும், அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். திரையின் கீழ்ப்பாதி வெற்றுச் சிலேட்டாகிவிடும். அத்தை பிள்ளையார் சுழி போட்டுத்தான் தொடங்கினார், அது உகரமாக வந்து நின்றது. பிறகு சொல் சொல்லாக எழுதினார். அவர் காலத்தில் படித்தவர்கள் லை, ணை, னை எழுத்துகளைத் துதிக்கை போல மேலே வளைத்து எழுதுவார்கள். 1978-இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்த பிறகு பாடப் புத்தகம் மாறியது. அவர் படித்தது பழைய எழுத்தில், பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது புது எழுத்தில். "கடுதாசி மாதிரி வேண்டாம் அத்தை, போர்டுல எழுதுன மாதிரி எழுதுங்க" என்றேன். புரிந்துகொண்டார். வட்டமும் கொம்பும் பிரித்துப் பிரித்து, முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுதிக் காட்டுவது போலவே எழுதினார்.

வேகம் குறைவுதான். நான்கு வரிக்குப் பத்து நிமிடம். ஆனால் ழகரத்தை ழகரமாக எழுதுவது அவர் விரல். என் அளவுகோலில் இது தமிழ்99-க்கு அடுத்து நிற்கிறது. திரை பெரிதாக இருப்பது முக்கியம். ஆறு அங்குலப் போனில் மூன்றெழுத்துக்கு மேல் இடம் போதாது. இருபது ரூபாய் பேனா ஒன்றை, ரப்பர் முனை வைத்தது, பிறகு வாங்கிக் கொடுத்தேன். இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு விரலுக்கே திரும்பிவிட்டார்.

எந்த முறையாக இருந்தாலும் சரி, கண்ணில் படாத ஒரு வகைப் பிழை இருக்கிறது. அச்சகத்துக்கு வரும் வாசகங்களில் அடிக்கடி பார்க்கிறேன். எ என்று இருக்க வேண்டிய இடத்தில் ௭. அது எகரம் இல்லை, தமிழ் எண் ஏழு. உ இருக்க வேண்டிய இடத்தில் ௨, அது இரண்டு. திரையில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. போனில் எழுதும் யூனிகோடு எழுத்தை அச்சகத்தின் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது மட்டும் அந்த இடம் வெறும் கட்டமாக நிற்கும், அப்போதுதான் தெரியும். கௌரவம் என்பதை கெள என்று ஒற்றைக்கொம்பும் ளகரமும் போட்டு எழுதுவது இன்னொன்று. தேடும்போது இரண்டும் வேறு வேறு சொல். உங்கள் பெயர் கௌரி என்றால், தவறாகச் சேமித்த நண்பரின் போனில் உங்களைத் தேடினால் கிடைக்க மாட்டீர்கள். விசைப்பலகையில் ஔகாரம் எங்கே இருக்கிறது என்று முதல் நாளே பார்த்துவைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை வராது. சந்திப்பிழைக்கும் எழுத்துப்பிழைக்கும் நீச்சல்காரன் என்பவர் உருவாக்கிய நாவி, வாணி என்ற பிழைதிருத்திகள் இரண்டும் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. ஊகித்து எழுதும் முறையை வைத்திருப்பவர்கள் பத்திரிகை, விண்ணப்பம் போன்றவற்றை அனுப்பும் முன் அதில் ஒரு முறை போட்டுப் பார்ப்பது நல்லது.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாகச் சொன்னாலும் அழுத்திச் சொல்கிறேன். வெளியிலிருந்து ஒரு விசைப்பலகையை நிறுவும்போது ஆன்ட்ராய்டு ஓர் எச்சரிக்கை காட்டும்: நீங்கள் தட்டும் எல்லாவற்றையும், கடவுச்சொல், கார்டு எண் உள்பட, இதனால் சேகரிக்க முடியும் என்று. எல்லோரும் படிக்காமல் சரி என்று தொட்டுவிடுகிறோம். அது சும்மா சொல்வதில்லை. 2017 டிசம்பரில் ஏஐ.டைப் என்ற விசைப்பலகை நிறுவனத்தின் தகவல் தளம் பூட்டில்லாமல் கிடந்தது வெளியே வந்தது. 3 கோடிக்கும் மேற்பட்ட பயனர்களின் விவரம் அதில் இருந்தது. கலர் கலராகத் தீம் தருகிறோம், உங்கள் போட்டோவைப் பின்னணியில் வைக்கிறோம் என்று வரும் பெயர் தெரியாத தமிழ்க் கீபோர்டுகளை நான் யார் போனிலும் விட்டுவைப்பதில்லை. செய்தவர் யார் என்று தெரிய வேண்டும், விளம்பரம் வரக் கூடாது. இந்த இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் அழகாக இருந்தாலும் வேண்டாம்.

இதில் மிகவும் கவலைப்படுகிறவர்களுக்கு இண்டிக் கீபோர்டு என்று ஒன்று இருக்கிறது. கேரளத்தின் சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவினரின் ஆதரவில் வளர்ந்தது. நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். தமிழ்99-உம், இந்திய மொழிகளுக்குப் பொதுவான இன்ஸ்கிரிப்ட் விசைமுறையும் அதில் இருக்கின்றன. கணினியில் இன்ஸ்கிரிப்ட் பழகியவர்களுக்கும் இது பொருந்தும். சாம்சங் போன்களின் சொந்தப் பலகையிலும் தமிழ் உண்டு, அவசரத்துக்குப் போதும். ஐபோன், ஐபேட் வைத்திருப்பவர்கள் எதையும் நிறுவ வேண்டியதில்லை. 2013-இல் ஐஓஎஸ் 7 வந்ததிலிருந்து அஞ்சலும் தமிழ்99-உம் உள்ளேயே இருக்கின்றன, மொழியில் போய்ச் சேர்த்தால் போதும்.

அப்புறம் முடிவு. என்னிடம் கேட்கிறவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, ஒரு நாளைக்கு எவ்வளவு எழுதுவீர்கள் என்றுதான். 'சாப்பிட்டாச்சா', 'கிளம்பிட்டேன்' அளவில் நின்றால் ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாற்றும் ஜிபோர்டின் ஒலிபெயர்ப்பு போதும். மேலே காட்டும் சொற்களைப் பார்த்துத் தொடும் பழக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கதை, கட்டுரை, முகநூல் பதிவு, சங்கத்துக் கடிதம் என்று எழுதுகிறவர் என்றால் செல்லினத்தைப் போட்டு, தமிழ்99-க்கு ஒரு வாரம் கொடுங்கள். அந்த ஒரு வாரம் கடினமாகத்தான் இருக்கும். வேகம் பாதியாகும், கோபம் வரும், பழையதற்கே போய்விடலாம் என்று தோன்றும். போகாதீர்கள். ஒரு வாரம் கொடுத்தும் கை வரவில்லை என்றால் அதே ஆப்பில் அஞ்சலுக்கு மாறிக்கொள்ளலாம். பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஊகிக்கிற முறையை அவர்களுக்குக் கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ல, ள, ழ கைக்கு வரும் வயதில் அந்த முடிவைப் போனிடம் விடக் கூடாது. தாளில் எழுதியே வாழ்ந்தவர்களுக்குக் கையெழுத்து. திரையே சரியாகத் தெரியாதவர்களுக்குக் குரல்.

இரண்டு பலகை வைத்துக்கொள்வதில் தவறில்லை. எழுதும் திரையில் பூமி உருண்டைப் படத்தை அழுத்திப் பிடித்தால் மாற்றிக்கொள்ளலாம். மூன்றாவது வேண்டாம். எது எப்போது வருகிறது என்று தெரியாமல் குழம்பி, கடைசியில் ஆங்கிலத்துக்கே போய்விடுகிறார்கள். அக்கா மகளுக்கு அஞ்சல் போட்டுக் கொடுத்திருக்கிறேன். முதல் மூன்று நாள் முணுமுணுத்தாள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கறிதான் வாங்கப்படுகிறது.

எதை நிறுவினாலும் முதல் நாளே ஆறு சொல்லை அடித்துப் பார்த்துவிடுங்கள். ஔவை, கௌரவம், ஸ்ரீ, அஃறிணை, பப்பாளி, மஞ்ஞை. கௌ என்று அடித்த கையோடு அழிக்கும் விசையை ஒரு முறை தட்டுங்கள். ஒற்றைக்கொம்போடு கெ மீதி நின்றால் நீங்கள் போட்டது ளகரம், ஔகாரக் குறியை வேறு இடத்தில் தேட வேண்டும். ஆய்தமும் ஸ்ரீயும் எங்கே ஒளிந்திருக்கின்றன என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். ஆறும் தடையில்லாமல் வந்தால் அந்தப் பலகையை நம்பி வைத்துக்கொள்ளலாம்.

அத்தையிடமும் இந்த ஆறைக் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எழுதினார். கடைசிச் சொல்லை எழுதி முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்து, "மஞ்ஞைன்னா மயில்டா, தெரியுமா?" என்றார்.